ஒரு செபமாலை தூரம்

நான் இருக்கிற வின்னிபெக் ஊரில் கடை திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஆட்கள் கடைக்கு வந்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு அல்ல, நடப்பதற்கு. வெளியே மூச்சு விட்டால் மீசையில் உறைந்துவிடும் குளிர். காலை ஏழு மணிக்கு மால் என்கிற அந்தப் பெரிய கட்டடத்தின் பக்கக் கதவை மட்டும் காவலாளி திறந்துவிடுவார். எழுபது வயதுக்காரர்கள் வரிசையாக உள்ளே வந்து, கனத்த கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பையிலிருந்து வேறு செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூடிக் கிடக்கும் கடைகளைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். ஒரு கடைக்குள்ளும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அரை மணி, முக்கால் மணி நடந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். திண்டிவனத்தில் இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

துபாயில் ஆறு வருடம் வெல்டராக இருந்துவிட்டு இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு அந்த மாலில் தரை துடைக்கிற வேலைதான் கிடைத்தது. ஒரு காலையில் வெள்ளை முடிக்காரப் பெண்மணி ஒருவர் என் துடைப்பத்தைத் தாண்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். வழி தெரியாமல் அலைகிறார் பாவம் என்று நினைத்து, "எக்ஸிட்?" என்று கதவைக் கையால் காட்டினேன். தேங்க்யூ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனவர் மூன்றாம் முறையும் வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அவர் வெளியே கொட்டுகிற பனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐ ஆம் ஜஸ்ட் வாக்கிங், டியர்" என்றார். எங்கே போவதற்கு என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. அவர் பெயர் டாரதி. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கதவைக் கையால் காட்டிக் கேலி செய்வார்.

எங்கே போவதற்கு என்று கேட்காமல் நான் வேறு என்ன கேட்பேன்? எங்கள் வீட்டில் நடை என்றால் அதற்கு ஒரு முடிவிடம் இருக்கும். பெருமுக்கல் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலத்தில் அம்மாவும் என் அக்கா லூர்துமேரியும் விடிகிற நேரத்தில் கிளம்பிப் போவார்கள். கூலிக்குப் பதில் கிடைத்த காயை மடியில் கட்டிக்கொண்டு அதே வழியில் நடந்து வருவார்கள். பஸ் இருந்தது. பஸ்ஸில் போக எங்களால் முடியாது, அவ்வளவுதான். அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பம். காலும் தோளும்தான் எங்கள் சொத்து. அதனால்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துபாய்க்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதும் அப்பாவுக்கு நான் எழுதிய முதல் வரி, "இனிமேல் நீங்கள் மூட்டை தூக்க வேண்டாம்" என்பது. அதை எழுதும்போது எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, ராஜா மாதிரி.

அப்பா நான் சொன்னதைத் தட்டவில்லை. மூட்டையை இறக்கி வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ, மத்தியானம் வெள்ளைச் சோறு, சாயங்காலம் மறுபடி டீயும் பன்னும். மண்டியில் நாள் முழுக்க மூட்டை சுமந்த உடம்புக்கு எவ்வளவு போட்டார்களோ அவ்வளவும் அந்த உட்கார்ந்த உடம்புக்குப் போட்டார்கள். அன்பாகத்தான் போட்டார்கள். ஐந்தாறு வருடத்தில் இடது காலில் ஒரு புண் வந்து ஆறவில்லை. அப்போதுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நேரம் நான் இங்கே வந்து குடியேறும் காகிதங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன், போக முடியவில்லை. அப்பா ஒரு போட்டோ அனுப்பினார். மடியில் போர்வையை விரித்துப் போட்டு மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் ஊன்றுகோலின் நுனி தெரிந்தது. இரண்டு வருடத்தில் போய்விட்டார். சர்க்கரை வருவதற்கு ஆயிரம் காரணம் உண்டு, வம்சம் ஒரு காரணம், உங்கள் கடிதம் காரணமில்லை என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். புத்தி ஒத்துக்கொள்கிறது. மனசு இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த டாக்டர் இந்த ஊர்க்காரர், சின்ன வயசுப் பெண். அப்போது நான் பஸ் செய்யும் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்து பதினைந்து வருடம் ஓடியிருந்தது. வேலை முடிந்ததும் காரில் ஏறி, வீட்டு வாசலில் இறங்கி, சோபாவில் சாய்கிற வாழ்க்கை. வருடாந்திர ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "நோய் இன்னும் வரவில்லை, ஆனால் எல்லையில் நிற்கிறீர்கள்" என்றார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு இருந்தது என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து அவரைத் தேற்றுகிற மாதிரி, "கவலைப்படாதீர்கள், எங்கள் ஊரில் நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான்" என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "வராமல் தள்ளிப்போட முடியும் என்று உங்களிடம் யாரும் சொன்னதே இல்லையா?" என்று கேட்டார். இல்லை. சத்தியமாக இல்லை. சர்க்கரை வந்தால் என்ன செய்வது என்று எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். வருவதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் காலை, நான் ஒரு காலத்தில் துடைத்த அதே தரையில் டாரதிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தேன்.

நடக்கும்போதெல்லாம் அக்கா ஞாபகம்தான். அப்பாவின் உடம்புவாகு அவளுக்கு அப்படியே உண்டு. அவருக்கு இருந்த மாதிரியே கழுத்தைச் சுற்றிக் கறுப்பு படர ஆரம்பித்திருந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் விடுமுறைக்குப் போனேன். அக்காவும், மண்டியில் எடை போடுகிற அந்தோணி மாமாவும் திண்டிவனத்தில் நல்ல வீடு கட்டியிருந்தார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கிரைண்டர், மிக்சி, துணி துவைக்கிற மெஷின், தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், வாசலில் ஸ்கூட்டர். எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தவை. "உன்னாலதான்டா ராணி மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன்" என்றாள். அவள் சந்தோஷமாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அரைப்பது, துவைப்பது, தண்ணீர் தூக்குவது, நடப்பது என்று ஒவ்வொரு வருகையிலும் ஒவ்வொன்றை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அதற்காக அவளை மறுபடி அம்மியில் அரை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மியில் அரைத்த கை அது, வலி அவளுக்குத்தான் தெரியும்.

நச்சரித்து ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அவளும் எல்லையில்தான் நின்றாள், என்னைவிட விளிம்புக்குப் பக்கத்தில். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இது நோய் இல்லம்மா, நோய்க்குப் போற வழி. இப்ப திரும்பிட்டீங்கன்னா திரும்பிடலாம். தட்டுல பாதி காய்கறி வைங்க, சோத்தைக் குறைங்க, டீயில சக்கரைய விடுங்க. தினம் அரை மணி வேகமா நடங்க. கொஞ்சம் எடை குறைஞ்சாலே போதும்." அக்கா தலையை நன்றாக ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ரவையை வறுத்தாள். நெய் ஒழுக ஒழுக ஒரு சட்டி கேசரி.

"இன்னாக்கா இது?"

"சக்கரை இல்லன்னுட்டாங்களேடா! வயித்துல பாலை வார்த்தாங்க. நாலு பேருக்குக் குடுக்க வேணாமா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள். கேப்பைக்குத் திரும்பலாமே என்று மெல்ல எடுத்துப் பார்த்தேன். "கூழு குடிச்சதெல்லாம் போதும். நெல்லுச் சோறு திங்க நாப்பது வருஷம் ஆச்சு எனக்கு" என்று வெட்டிவிட்டாள். மறுநாள் என் மனம் நோகக் கூடாது என்று கேப்பை அடை சுட்டாள்; அதைத் தின்றுவிட்டு வழக்கமான சோற்றையும் தின்றாள். மருந்தை மருந்து மாதிரி சாப்பிட்டாயிற்று, சாப்பாட்டைச் சாப்பாடு மாதிரி சாப்பிட்டாயிற்று, கணக்கு சரி. இந்தத் தப்பை எங்கள் ஊர் முழுக்கச் செய்கிறது. ராத்திரியில் சோறு வேண்டாம், சப்பாத்தி என்று சொல்லி ஆறு சப்பாத்தி தின்கிற மாமாவை நான் கண்ணால் பார்த்தேன்.

சரி, நாமாவது நடப்போம் என்று மரக்காணம் ரோட்டில் காலையில் கிளம்பினேன். நூறு அடி போவதற்குள் ஒரு பைக் பக்கத்தில் நின்றது. "இன்னா சேவியரு, நடந்து போறே? வண்டி ரிப்பேரா? ஏறு ஏறு." சும்மா நடக்கிறேன் என்றால் விடவில்லை. "அட, கூச்சப்படாத, ஜல்தி ஏறு, டீ குடிச்சிக்கினே போலாம்." டீக்கடையில் இறக்கிவிட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் இரண்டு பைக், ஒரு ஷேர் ஆட்டோ. வின்னிபெக்கில் நான் நடந்தால் யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே என்னை நடக்கவே விடமாட்டேன் என்கிறார்கள். இரண்டில் எது அன்பு என்று நீங்களே சொல்லுங்கள். நான்காம் நாள் மாமா மண்டியிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா என் எதிரில் வந்து நின்றாள்.

"உனக்கு வேலை போயிடுச்சுன்னு மண்டி முழுக்கப் பேசிக்கினு இருக்காங்க. காரு வெச்சிருந்தவன் ரோட்ல நடக்கறான்னு. பேஜாரா போச்சுடா மாமாவுக்கு."

"ஒடம்புக்கு நடக்கறேன்க்கா. நீயும் நடக்கணும்."

"நானா?" அவள் குரல் ஏறிவிட்டது. "நடந்தே தேஞ்ச குடும்பம்டா நம்ம குடும்பம். இப்பத்தான் உக்காந்திருக்கோம். அது உனக்குப் பொறுக்கலியா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அப்பாவும் இப்பிடித்தான் உக்காந்தாரு. நான்தான் உக்கார வெச்சேன். உன் காலையும் எடுத்தப்புறம் போர்வை போட்டு போட்டோ அனுப்புவியா?" என்று கத்தினேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கு மறுநாள் விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். அக்கா கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு திரும்பி வந்து டீ போட்டாள். எனக்குக் கொடுத்துவிட்டுத் தன் டம்ளரை எடுத்தாள். அதில் சர்க்கரை இல்லை. நாற்பது நாளும் சர்க்கரை இல்லை, கறி இல்லை, நொறுக்குத் தீனி இல்லை. சின்ன வயசிலிருந்து அவள் தவறாமல் செய்கிற ஒறுத்தல் அது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நேத்து வரைக்கும் சக்கரை இல்லாம டீ எறங்காதுன்னியே?"

"டாக்டரும் ஆண்டவரும் ஒன்னா?" என்றாள். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. பிறகு மாடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் இருந்த செபமாலையை எடுத்து என் கையில் வைத்தாள். "ரோட்ல நடக்கணும்னா இதப் புடிச்சிக்கினு நட. யாரும் வண்டிய நிறுத்த மாட்டாங்க. நேர்த்தின்னு நெனச்சிக்குவாங்க. எங்க மானமாவது மிஞ்சும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஜனங்கள் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நாள்கணக்கில் நடப்பார்கள். அவர்களைப் பார்த்து வண்டி ரிப்பேரா என்று கேட்கிறவன் யாரும் இல்லை. நின்று மோர் கொடுப்பான். காரணமில்லாத நடைதான் எங்கள் ஊரில் கேவலம். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். இத்தனை வருடத்தில் நான் கோயிலை மறந்தவன். ஜெபத்தில் எந்தக் கிழமைக்கு எந்தத் தேவ இரகசியத்தைத் தியானிக்க வேண்டும், அவற்றின் வரிசை என்ன, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அதை அப்படியே சொன்னேன். அக்காவுக்கு அதிர்ச்சி. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோதுகூட அவள் அப்படி வாயைப் பொத்தவில்லை.

"செபமாலை மறந்து போச்சா? அடப்பாவி! அம்மா இருந்தா இன்னா சொல்லுவா?"

"நீ கூட வந்து முன்னால சொல்லு. நான் பின்னால சொல்லிக்கினே வர்றேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் செருப்பைப் போட்டாள்.

செபமாலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் கோத்த மணிகளின் கணக்கை வைத்து அதை நாங்கள் ஐம்பத்து மூன்று மணி ஜெபம் என்போம். ஒவ்வொரு மணிக்கும் மங்கள வார்த்தை என்கிற மாதா ஜெபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். கடைசியில் மன்றாட்டு மாலை என்கிற வேண்டுதல் வரிசையும் சேர்த்தால் சரியாக அரை மணி. டாரதி நடக்கிற, டாக்டரம்மா சொன்ன அதே அரை மணி. சாயங்காலம் மரக்காணம் ரோட்டில் அக்கா முதல் பாதியைச் சொல்லிக்கொண்டு முன்னால் போனாள். முதல் நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. மல்லாட்டைக் காட்டுக்கு நடந்த கால்கள் அல்லவா, பத்தாம் நாள் என்னால் அவளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இரண்டாம் பாதியை ஓடிக்கொண்டேதான் சொன்னேன். ஒரு பைக்கும் நிற்கவில்லை. இரண்டு வாரத்தில் எதிர் வீட்டு அம்மா, "எங்க வீட்டுக்காரருக்கும் வேண்டிக்கோங்க" என்று கூடவே சேர்ந்துகொண்டார்.

கையில் சோற்றுக் கரண்டி இருக்கும் வரை அவளை யாராலும் அசைக்க முடியாது என்பது மட்டும் மாறவில்லை. ஆனால் தவக்காலத்தில் அவளே கரண்டியைக் குறைத்தாள். கீரையும் அவரைக்காயும் தட்டில் பெருகின. முறுக்கு இருந்த டப்பாவில் வேகவைத்த மல்லாட்டை வந்தது. நான் வாயைத் திறந்து ஒரு புத்திமதி சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று பயம். விடுமுறை முடிந்து விமானத்தில் ஏறும்போது என் மனசில் ஒரே கவலைதான்: ஈஸ்டர் வரும், பிரியாணி வரும், கேசரி வரும், சாவி ஆணியிலிருந்து இறங்கும்.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு மாலுக்குள் நுழைந்து அக்காவைப் போனில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் ஐந்தரை. நேற்றைய பிரியாணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். குறுக்கே, "நான் நடந்துக்கினு இருக்கேன்க்கா. முதல் பாதி சொல்ல ஆளில்ல" என்றேன். பிரியாணிப் பேச்சு பாதியில் நின்றது. பிறகு செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. வாசல் கேட் கிறீச்சிட்டது. தெரு நாய் ஒன்று குரைத்தது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

நாலு வருடம் ஆகிறது. இங்கே பனி கொட்டும்போதும் அங்கே மழை கொட்டும்போதும் விட்டதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விட்ட நாட்கள் உண்டு, கேசரி தின்ற நாட்கள் உண்டு. டீயில் சர்க்கரை மட்டும் திரும்பி வரவில்லை, நாக்கு மறந்துவிட்டதாம். வருடத்துக்கு ஒரு தடவை இருவரும் ரத்தம் கொடுக்கிறோம். நான் எல்லையிலிருந்து பின்னால் வந்துவிட்டேன். அக்கா அங்கேயேதான் நிற்கிறாள், ஆனால் தாண்டவில்லை. அப்பாவுக்குக் கால் போன வயசை அவள் போன மாதம் தாண்டினாள். அன்றைக்குப் போனில் ஜெபத்தை ஆரம்பிப்பதற்கு முன்னால் சொன்னாள்: "நீ சக்கரைக்குத்தான் என்னை இழுத்துக்கினு போனேன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. உனக்கு செபமாலை மறந்தது மட்டும் நெசம்னும் தெரியும். ரெண்டுல எதுக்கு நான் செருப்பு மாட்டினேன்னு நீயே நெனச்சுக்கோ." அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலை செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளைச் சொல்லும்போது போன் தடைப்பட்டது. அக்கா முதல் பாதியைச் சொல்லி முடித்துவிட்டாள். நான் இரண்டாம் பாதியை இங்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டு மூடிய செருப்புக் கடையைத் தாண்டினேன். டாரதி இப்போது நாலு சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார். என் பக்கத்தில் அதை நிறுத்தி, தினமும் யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார்.

"அக்காவோடு நடக்கிறேன்" என்றேன்.

"எங்கே இருக்கிறாள்?"

பத்தரை மணி நேரம், ஒரு கடல், ஒரு வாழ்நாள் என்று எதையெல்லாமோ இங்கிலீஷில் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. "கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள்" என்றேன். டாரதி கழுத்தை நீட்டி அந்த நீளமான, ஆளில்லாத நடைவழியின் கடைசி வரை தேடிப் பார்த்தார். அதற்குள் போன் அடித்தது. பின்னால் திண்டிவனத்துப் பஸ்ஸின் ஹாரன்.

"எங்கடா விட்டோம்?" என்று அக்கா மூச்சிரைக்கக் கேட்டாள்.

"உன் பாதி முடிஞ்சுதுக்கா. என் பாதியையும் சொல்லிட்டேன். அடுத்த மணி. நட."